மூன்று நாழிகை நிறுத்தம்: பைபாஸ் அறுவையில் இதயத் தசையைக் காத்தல்

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். மூன்று நான்கு தமனிகளுக்கு மாற்றுப்பாதை அமைக்கும் பைபாஸ் அறுவையில், இதயத் தசைக்குப் போகும் இரத்தம் ஏறத்தாழ மூன்று நாழிகை நேரம் தடுத்து நிறுத்தப்படுகிறது. இரத்தம் போதாமல் தவிக்கும் தசைக்கு இரத்தம் கொடுக்கவே அறுவை செய்கிறோம். அதைச் செய்து முடிக்க, கிடைத்துவந்த கொஞ்ச இரத்தத்தையும் நிறுத்தவேண்டியிருக்கிறது. அந்த மூன்று நாழிகையில் தசை சாகாமல் இருப்பது எப்படி என்பதே இன்றைய பொருள். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதயத் தசையைக் காத்தது எந்த ஒரு மருந்தும் அல்ல. அதன் தேவையைக் குறைத்ததும், நேரத்தைக் கணக்கிட்டுச் செலவழித்ததுமே அதைக் காத்தன. இந்த வேலையின் பெரும்பகுதி அறுவைக் கூடத்துக்குள் முடிந்துவிட்டது. மீதமிருப்பது அறுவைக் கூடத்துக்கு வெளியே, நம் வீடுகளிலும் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலும் இருக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழரிடையே இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1959ஆம் ஆண்டு டி. ஜே. தனராஜும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் சிங்கப்பூரில் நடந்த பிணப் பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்து, அமெரிக்க இதய மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே ஊர், ஒரே தட்பவெப்பம், ஒரே மருத்துவமனைகள். ஆனால் இந்தியரிடம் இதயத் தமனி நோய் சீனரைவிடப் பல மடங்கு மிகுதியாக இருந்தது. தனராஜ் பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானார். கடல் கடந்த இந்தியரின் இதயம் பற்றி உலகம் பிறகு எழுதிய ஏராளமான ஆய்வுகளுக்கு முன்னோடிகளில் ஒன்று அவருடைய அந்தக் கட்டுரை. அரை நூற்றாண்டு கழித்து, 2010ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், நீரிழிவு சீனரிடையே 9.7 விழுக்காடு, மலாய்க்காரரிடையே 16.6 விழுக்காடு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு என்று தெரியவந்தது. நீரிழிவு உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு தமனியோடு அடைப்பு நிற்பதில்லை. அத்தகையவர்கள் 1,900 பேரைச் சேர்த்து 2012இல் முடிவு வெளியிட்ட ஃப்ரீடம் ஆய்வு, ஐந்தாண்டுக்குள் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 விழுக்காடு என்றும், பைபாஸ் செய்தவர்களில் 18.7 விழுக்காடு என்றும் காட்டியது. நீரிழிவும் பல தமனி அடைப்பும் மிகுந்த ஒரு சமூகத்துக்கு பைபாஸ் அறுவை தூரத்துச் செய்தியாக இருக்க முடியாது.

அறுவைக் கூடத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மார்பெலும்பு திறந்திருக்கிறது. வலது மேலறையிலிருந்து இரத்தம் குழாய் வழியே இதய-நுரையீரல் இயந்திரத்துக்குப் போய், ஆக்சிஜன் ஏற்றப்பட்டு, பெருந்தமனிக்குத் திரும்புகிறது. உடலுக்கு இனி இதயத்தின் உதவி தேவையில்லை. அப்போது அறுவை மருத்துவர் பெருந்தமனியின் குறுக்கே ஒரு கவ்வியைப் போடுகிறார். இதயத் தமனிகள் பெருந்தமனியின் அடியிலிருந்தே கிளம்புவதால், அந்தக் கவ்வி விழுந்த நொடியில் இதயத் தசைக்கு வரவு நின்றுவிடுகிறது. உடனே கவ்விக்குக் கீழே, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் பெருந்தமனி வேருக்குள் செலுத்தப்படுகிறது. அதன் பெயர் கார்டியோபிளீஜியா. அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இதயம் மெல்லத் தளர்கிறது. திரையில் மேலும் கீழும் ஏறி இறங்கிய கோடு நேர்கோடாகிறது. இயந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட் கடிகாரத்தைத் தொடக்கிவிடுகிறார். இருபது நிமிடம் ஆனதும் குரல் கொடுக்கிறார்; அடுத்த வேளைத் திரவம் போகிறது. மற்ற எல்லா இடத்திலும் மரணத்தின் அடையாளமாக இருக்கும் அந்த நேர்கோடு, இந்த ஓர் அறையில் மட்டும் காப்பின் அடையாளமாகிறது.

நின்றுபோன இதயம் ஏன் காக்கப்பட்ட இதயமாகிறது? வீட்டுக் கணக்குத்தான் காரணம்: வரவு நின்றால் செலவைக் குறைக்கவேண்டும். முழு வேலை செய்யும் இதயத் தசை 100 கிராமுக்கு நிமிடத்துக்கு எட்டு முதல் பத்து மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. இரத்தத்தை வடித்து வெறுமையாக்கினாலும், துடித்துக்கொண்டிருக்கும்வரை அதில் பாதிக்கு மேல் செலவாகிறது. பொட்டாசியத்தால் முற்றிலும் நிறுத்திவிட்டால், உடல் வெப்பத்திலேயே செலவு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குளிரூட்டினால் இன்னும் இறங்குகிறது. பொட்டாசியம் செய்யும் வேலை எளிமையானது. இரத்தத்தில் இயல்பாக லிட்டருக்கு நான்கைந்து மில்லிமோல் இருக்கும் அந்த உப்பைப் பதினாறு, இருபது என்று உயர்த்தினால், தசைச் செல்லின் சவ்வு மின்தூண்டுதலுக்கு எழுந்திருக்க முடியாத நிலையில் தங்கிவிடுகிறது. செல் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் சுருங்கு என்ற கட்டளை அதைச் சேர்வதில்லை.

இந்த எளிமைக்கு வந்துசேர மருத்துவத்துக்கு இருபது ஆண்டு ஆனது. 1953 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றியைக் கண்டார். 1955இல் லண்டனில் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட்டால் இதயத்தை நிறுத்திக் காட்டினார். எண்ணம் சரியாக இருந்தது. அளவு தவறாக இருந்தது. செறிவு மிகுந்த அந்தக் கரைசல் தசையையே சிதைப்பது தெரிந்ததும், பத்தாண்டுக்கும் மேலாகப் பொட்டாசியத்தைப் பெரும்பாலோர் தொடவில்லை. அந்த இடைவெளியில் சிலர் பனிக்குழம்பைக் கொட்டி இதயத்தைக் குளிர வைத்தார்கள். சிலர் வெறும் கவ்வியைப் போட்டுவிட்டு விரைந்து தைத்தார்கள். அதன் விலையை 1972இல் ஹூஸ்டனின் டென்டன் கூலி எழுதினார். அறுவை குறையின்றி முடிந்தும் சில இதயங்கள் மீண்டும் துடிக்கவில்லை; இறுகிச் சுருங்கிக் கல்லைப்போல் இருந்தன. அவர் அதைக் கல் இதயம் என்றே அழைத்தார். அந்த இறுக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு மட்டுமின்றி, சுருங்கியபின் தளர்வதற்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். ஏடிபி தீர்ந்த தசை பிடித்த பிடியை விட முடியாமல் விறைத்துப்போகிறது. ஆகவே, ஆற்றல் தீரும் முன்பே, தளர்ந்த நிலையிலேயே இதயத்தை நிறுத்தவேண்டும். 1973இல் கே, எபர்ட் இருவரும் குறைந்த அளவுப் பொட்டாசியத்தை மீட்டுக் கொண்டுவந்தார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹியர்ஸ், பிரெய்ம்பிரிட்ஜ் குழுவினர் எலியின் இதயத்தில் ஒவ்வொரு உப்பாகச் சேர்த்தும் நீக்கியும் சோதித்து, அந்த மருத்துவமனையின் பெயராலேயே இன்றும் வழங்கும் கரைசலை உருவாக்கினார்கள். 1970களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸின் பக்பெர்க், நோயாளியின் இரத்தத்திலேயே பொட்டாசியத்தைக் கலந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். 1967இல் கிளீவ்லாந்தில் ஃபாவலோரோ தொடக்கிவைத்த கால்சிரை பைபாஸும், 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்த இந்தியாவின் முதல் பைபாஸும் அன்றாட அறுவைகளாக மாறியதற்கு இந்தப் பொறுமையான உப்புக் கணக்கு அடித்தளம்.

கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. பைபாஸ் நோயாளியின் சிக்கல் அவருடைய தமனிகளிலேயே இருக்கிறது. இரத்தம் போகாத வழியில் காப்புத் திரவமும் போகாது. மிகவும் பாதுகாக்கப்படவேண்டிய தசைப்பகுதிக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கும். அதனால்தான் வலது மேலறையில் திறக்கும் சிரை வழியாகப் பின்புறமிருந்து திரவம் செலுத்தும் முறை வந்தது. தைத்து முடித்த ஒவ்வொரு புதிய மாற்றுப்பாதையின் வழியாகவும் திரவம் கொடுக்கும் வழக்கமும் வந்தது. அடுத்த சிக்கல், கவ்வியை எடுக்கும் நேரத்தில் வருகிறது. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு யாரும் விருந்து வைப்பதில்லை, கஞ்சிதான் கொடுப்பார்கள். பட்டினி கிடந்த தசையிலும் அப்படித்தான். ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் திடீரென்று பாயும்போது செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுகிறது; தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன; பிழைத்திருக்கக்கூடிய செல்கள் அந்தச் சில நிமிடங்களில் சாகின்றன. கவ்வியை எடுக்கும் முன் வெதுவெதுப்பான இரத்தக் கரைசலை ஒருமுறை கொடுத்துத் தசையைத் தயார்செய்வது இதற்காகத்தான். இவற்றில் எதுவும் அதிசயமில்லை. எங்கே போய்ச்சேர்ந்தது, எவ்வளவு, எத்தனை நிமிடம் என்ற மூன்று கேள்விகளை விடாமல் கேட்கும் ஒழுங்கு மட்டுமே.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். இதயத்தை நிறுத்துவதால்தானே இத்தனை சிக்கல்? நிறுத்தாமலேயே, துடிக்கும் இதயத்தில் தைத்தால் என்ன? இது வலுவான கேள்வி. இந்தியாவில் பல மையங்களில் அதுவே வழக்கம். கைதேர்ந்தவர்கள் அதைச் செவ்வனே செய்கிறார்கள். ஆனால் சான்று சொல்வதைக் கேட்கவேண்டும். 2012இல் வெளியான கரோனரி ஆய்வு, இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரை இரு முறைகளுக்கும் பிரித்துப் பார்த்தது. முப்பது நாளில் மரணமோ பெரிய பாதிப்போ நேர்ந்தவர்கள் துடிக்கும் இதய முறையில் 9.8 விழுக்காடு, நிறுத்தும் முறையில் 10.3 விழுக்காடு, ஐந்தாண்டுக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ரூபி ஆய்வில், ஐந்தாண்டு மரணம் துடிக்கும் இதய முறையில் 15.2 விழுக்காடாகவும் மற்றதில் 11.9 விழுக்காடாகவும் இருந்தது. பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்து கவ்வி போடவே அஞ்சும் நோயாளிகளுக்குத் துடிக்கும் இதய முறை பெரும் துணை. எல்லோருக்கும் அது மேலானது என்று சொல்ல இச்சான்று இடம் தரவில்லை. இதயத்தை நிறுத்துவதே பெரிய தீங்கு என்றால், இந்த ஆய்வுகளில் அது தெளிவாக வெளிப்பட்டிருக்க வேண்டும். வெளிப்படவில்லை. நிறுத்தும் கலை அந்த அளவுக்குத் தேர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இரண்டாவது எதிர்க்கேள்வி இன்னும் ஈர்ப்பானது: இதயத்தைத் தாங்கும் வலிமையுள்ளதாகவே மாற்றிவிட முடியாதா? 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாயின் இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, அதன்பின் 40 நிமிடம் அடைத்தார்கள். முன்பயிற்சி பெறாத இதயத்தோடு ஒப்பிட்டால், செத்த தசையின் அளவு நான்கில் ஒரு பங்குதான். சிறு பட்டினி பெரும் பட்டினிக்குப் பழக்கியது. பின்னர், கையையோ காலையோ இப்படிச் சிறிது நேரம் இறுக்கிவிட்டாலும் இதயம் பயன்பெறுகிறது என்று கண்டார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையே கருவி! லண்டனில் டெரெக் ஹாசன்லோய் குழுவினர் 2007இல் பைபாஸ் நோயாளிகள் 57 பேரிடம் சோதித்தபோது, தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் 43 விழுக்காடு குறைந்தது. உலகமே ஆர்வம் கொண்டது. அதே ஹாசன்லோய் 2015இல், பிரிட்டனின் 30 மையங்களில் 1,612 பேரைக் கொண்ட எரிக்கா ஆய்வை முடித்தார். மேற்கையில் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி, நான்கு முறை செய்தார்கள். ஓராண்டில் இதய-இரத்தநாள நோயால் மரணம், மாரடைப்பு, மீண்டும் தமனி அடைப்பு நீக்கும் சிகிச்சை, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தவர்கள் பட்டை கட்டியவர்களில் 26.5 விழுக்காடு, கட்டாதவர்களில் 27.7 விழுக்காடு. பயன் இல்லை. அதே நாள்களில் வெளியான ஜெர்மனியின் ரிப்ஹார்ட் ஆய்வும் அதையே சொன்னது. ஹாசன்லோய் பின்னர் சிங்கப்பூரில், ஊட்ரம் வளாகத்தில் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியிலும் தேசிய இதய நிலையத்திலும் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தார். தான் கண்ட நம்பிக்கையைத் தானே பெரிய அளவில் சோதித்து, பயன் இல்லை என்று அறிவிப்பது அறிவியலின் உயர்ந்த நேர்மை.

அந்தச் சோதனைகளில் பயன்படுத்திய புரோபோஃபால் என்னும் மயக்க மருந்து முன்பயிற்சியின் பலனை மறைத்திருக்கலாம் என்று சிலர் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் மயக்க மருந்தையே மாற்றி, 5,400 நோயாளிகளிடம் சோதித்த மிரியட் ஆய்வும் 2019இல் ஓராண்டு மரணத்தில் வேறுபாடு காணவில்லை. எல்லாவற்றிலும் கசப்பான பாடம் கரிபோரைட் என்ற மருந்திலிருந்து வந்தது. எக்ஸ்பெடிஷன் ஆய்வில் 5,761 பைபாஸ் நோயாளிகள் இருந்தார்கள். மருந்து அதற்குச் சொன்ன வேலையைச் செய்தது: மாரடைப்பு 18.9 விழுக்காட்டிலிருந்து 14.4 ஆகக் குறைந்தது. ஆனால் மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 2.2 ஆக உயர்ந்தது; பக்கவாதம் மிகுந்ததோடு அந்த உயர்வு தொடர்புடையதாக இருந்தது. தசை காக்கப்பட்டது, ஆள் காக்கப்படவில்லை. இந்த ஒரு முடிவை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் குறைந்தது என்பதை உயிர் பிழைத்தது என்று படிக்கக்கூடாது. ஓர் உறுப்பைக் காப்பதாகச் சொல்லும் எதையும், அந்த உறுப்பைச் சுமந்திருக்கும் மனிதரைக் கேட்டுத்தான் மதிப்பிட வேண்டும். மருந்துகள் எல்லாம் ஏன் தோற்றன என்று கேட்டால், என் பதில் இது: நிறுத்துதலும் குளிரும் இரத்தக் கரைசலும் சேர்ந்து பெரும் இழப்பை முன்பே தடுத்துவிட்டன. மிச்சமிருக்கும் சிறு இழப்பை மட்டும் குறைத்து, வேறு தீங்கும் செய்யாத மருந்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டது, திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில் நூற்றுக்கு ஓரிருவரே இறக்கும்போது ஏன் இவ்வளவு கவலை என்று மூன்றாவதாகக் கேட்கலாம். அந்தச் சராசரி, வலுவான இதயம் உள்ளவர்களின் தயவில் நிற்கிறது. இதயம் வலுவாக இருக்கும்போதே அறுவைக்கு வருபவர், மூன்று நாழிகைப் பட்டினியைத் தாங்கிக்கொள்வார். பல ஆண்டு உயர் அழுத்தத்தால் சுவர் தடித்த இதயத்தில், உட்புறத் தசைவரை திரவம் சென்று சேர்வது கடினம். ஏற்கெனவே ஒரு மாரடைப்பில் பாதித் தசையை இழந்தவருக்கு, மீதியில் சிறிது போனாலும் பேரிழப்பு. நீரிழிவு உள்ளவர் நிலை இன்னும் நுட்பமானது. 1986இல் கண்ட அந்த இயற்கையான தாங்கும் ஆற்றல், நீரிழிவு பாதித்த இதயத்தில் மழுங்கிவிடுகிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி உயர்ந்த நிலையில் பைபாஸ் மேசைக்கு வருபவர்களுக்கு இடர் கூடுதல் என்று அறுவைப் பதிவுகளும் சொல்கின்றன. சர்க்கரையே நேரடிக் காரணமா, அது கவனிக்காமல் விட்ட பல ஆண்டுகளின் அடையாளமா என்று கேட்கலாம்; இரண்டில் எதுவானாலும் நாம் செய்யவேண்டியது ஒன்றுதான். கவ்வி விழும் நேரத்தில் இதயத்துக்கு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த இருப்பை எந்த மருத்துவராலும் அன்று காலையில் சேர்த்துக் கொடுக்க முடியாது.

நோயாளி மீதே பழியைப் போடுகிறீர்களா என்று சிலர் வருந்தலாம். இல்லை. நான் பேசுவது வாய்ப்பைப் பற்றி. நாற்பது வயது நிரம்பிய குடிமக்கள், 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் இலவசம். ஆனால் ஞாயிறு மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் கூடும் நம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மனிதவள அமைச்சு 2023 ஜூலை முதல் அவர்களுக்கான மருத்துவக் காப்புறுதியை ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தியது நல்ல செய்தி. ஆனால் அது மருத்துவமனை வாசலை அடைந்தபின் கிடைக்கும் உதவி. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று விழுங்கிக்கொண்டு மூன்று நாள் பொறுத்துவரும் ஒருவரின் தசைக்கு, உலகின் மிகச் சிறந்த கரைசலும் காலம் கடந்தே கிடைக்கிறது. இதயத்தின் கடிகாரம், பெர்ஃபியூஷனிஸ்ட் தொடக்கும் கடிகாரத்துக்கு வெகு நேரம் முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே, இந்த அவையிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த அற்புத மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தமிழ் அமைப்புகளும் ஆண்டுக்கு ஒரு நாளையாவது இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒதுக்கட்டும். அதில் வேலை அனுமதிச் சீட்டு வைத்திருப்பவரையும் நம்மவராகச் சேர்க்கட்டும். நெஞ்சை அழுத்தும் வலி சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், முதலாளியைக் கேட்கவேண்டாம், பக்கத்து அறைக்காரரைக் கேட்கவேண்டாம், 995ஐ அழையுங்கள் என்று நம் பிள்ளைகளுக்கும் நம் ஊழியர்களுக்கும் தமிழிலேயே சொல்லிக்கொடுப்போம். தனராஜ் 1959இல் படித்தவை இறந்தவர்களின் பதிவேடுகள். அவர் கண்டதை நாம் உயிரோடு இருப்பவர்களிடம் எடுத்துச் செல்லவேண்டும். மேசை மேல் மூன்று நாழிகையை மருத்துவர்கள் காத்துத் தருவார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகள் நம் பொறுப்பு.